ட்ரைன் பிடுங்கின மூணு கட்டுப் புல்லு

ஒரு ஊர்ல ஒரு மணல் இருந்துச்சு. தூங்காத மணல். என்னட்டி சிரிக்க? மணல்தான். நீ இப்போ புரண்டு புரண்டு படுக்கேல்லா, அது மாதிரி அதுவும் படுத்த எடத்துல கெடக்காது. ம் சொல்லிக்கிட்டே வா ஜெசிந்தா. சத்தம் வரலன்னா நீ தூங்கிட்டன்னு நான் பாதியில எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

அந்த ஊரு பேரு வெல்மண்டு. ஒல்லாந்து தேசத்துல, கடக்கரையில இருக்கு. நம்ம தூத்துக்குடியில முந்தி ஒரு காலத்துல வந்து இருந்தாங்கல்லா ஒல்லாந்துக்காரங்க, அவங்க தேசம். உங்க மாமா கப்பல்ல சமையலுக்குப் போனப்போ அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்லக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொன்னாரு. நான் ஒனக்குச் சொல்றேன்.

ஊருக்கு முன்னால கடல். நம்ம கடல் மாதிரி நீலம் கெடையாது, சாம்பக் கலரு. கால வச்சா எலும்பு வரைக்கும் குளிரும். அப்புறம் மத்த பக்கமெல்லாம் மணல்மேடு. நம்ம தேரிக்காடு இருக்குல்லா, அது மாதிரி. ஆனா செவப்பு இல்ல, வெள்ளை. ஒவ்வொரு மேடும் நம்ம கோயில் கோபுரம் ஒசரம். இதுக்கு நடுவுல ஒடுங்கிக்கிட்டு ஒரு நூறு வீடு.

அங்க துறைமுகமும் கெடையாது. அதனால அந்த ஊரு வள்ளத்துக்கு அடி தட்டையா இருக்கும். கடல்ல இருந்து வந்தா நேரே மணல்ல மோதி நிக்கும், டொம்முன்னு. அப்புறம் குதிரையக் கட்டி மேல இழுப்பாங்க. ஆம்பளைங்க பிடிச்சாந்த மீன பொம்பளைங்க கூடையில போட்டு முதுகுல மாட்டிக்கிட்டு, மேடு ஏறி மேடு எறங்கி, மூணு மணி நேரம் நடந்து பட்டணத்துக்குக் கொண்டு போவாங்க.

இந்தக் கடல் இருக்கே, அது ஒவ்வொரு பெரிய காத்துக்கும் ஒரு தெருவத் தின்னுரும். "அந்தா அலை ஒடையுது பாரு, அங்கனதான் எங்க தாத்தா வீட்டு அடுப்படி இருந்துச்சு"ன்னு கையக் காட்டுவாங்க அந்த ஊர்க்காரங்க. அவங்களோட முதக் கோயில் எப்பவோ கடலுக்குள்ள போயிருச்சு. ரெண்டாவது கட்டுன கோயில் தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்குது. அதுக்காக ஊர விட்டுப் போவாங்களா? மாட்டாங்க. வீம்பு பிடிச்ச சனம். முன்னால ஒரு தெரு போச்சுன்னா, பின்னால ஒரு தெரு கட்டுவாங்க. இப்படி ஊரே அடி அடியா பின்னால நவுந்துக்கிட்டு இருந்துச்சு.

பின்னால இருக்க மணல் சும்மா இருக்குமா? காத்து வந்தா அதுவும் நடக்கும். ஸ்ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்ஸ்...ன்னு. அத நிறுத்தி வச்சிருந்தது என்ன தெரியுமா? புல்லு. நம்ம கடக்கரையில ராவணன் மீசை படந்து கெடக்குல்லா, கால்ல குத்துமே, அது மாதிரி ஒரு முரட்டுப் புல்லு. வேரு கீழ பத்தடி போகும். அந்த வேருதான் மணலப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கும்.

அதனால ஊர்ல ஒரு சட்டம். ஐப்பசி மாசம் வந்தா வீட்டுக்கு நூறு முடி புல்லு, நாத்து முடி மாதிரிக் கட்டி, நடணும். அப்புறம், மேட்டுல இருக்க புல்ல யாரும் பிடுங்கக் கூடாது. ஒரு கைப்பிடி பிடுங்கினாலும் அவங்க மேட்டத் தாண்டி ஊர விட்டுப் போயிரணும். திரும்ப ஊருக்குள்ள வரவே கூடாது.

"ஒரு கைப்பிடிக்கா?"

ஒரு கைப்பிடிக்குத்தான்.

அந்தப் புல்லக் காவக் காக்க ஒருத்தர் இருந்தாரு. கோர்னேலிஸ்னு பேரு. அறுவது வயசு. கையில ஒரு பூண் போட்ட கம்பு. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ எல்லா மேட்டையும் சுத்தி வருவாரு. சொந்தத் தம்பி ஆடு புல்ல மேஞ்சிருச்சுன்னு அந்த ஆட்ட ஊர்ப் பொதுவுக்கு எழுதி வச்ச மனுசன். அவருக்கு ஒரே மகன், யாப். யாப்போட பொண்டாட்டி ட்ரைன். அவங்களுக்கு நாலு வயசுல ஒரு பொம்பளப் பிள்ள, ஆக்யே. எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தாங்க. ட்ரைன்தான் மீன் கூடை சுமக்கிறவ. வாய் பேசாம வேலையப் பாக்கிற பொம்பள.

அப்போ ஒரு வருசம் மார்கழியில குளிருன்னா குளிரு, அப்படி ஒரு குளிரு. கடலோட ஓரமே கட்டி தட்டிப் போச்சு. யாப் போன வள்ளம் அதுக்கு முந்தியே கெளம்பிப் போனது, மூணு வாரமாத் திரும்பி வரல. இருக்கானா, போயிட்டானான்னு தெரியல. இதுக்கு நடுவுல அடுப்பெரிக்க ஒண்ணும் இல்ல. அந்த ஊர்ல மரம் கெடையாதுல்லா. சேத்த வெட்டிக் காய வச்சு, நம்ம வரட்டி மாதிரி, அதத்தான் எரிப்பாங்க. அந்தச் சேத்துக்கட்டி வேற ஊர்ல இருந்து வாய்க்கால் வழியாப் படகுல வரணும். வாய்க்கால் ஒறஞ்சு போச்சு. படகு வரல.

வீட்டுக்கு வீடு பெஞ்ச ஒடச்சு எரிச்சாங்க. துடுப்ப எரிச்சாங்க. ட்ரைன் மொதல்ல முக்காலிய எரிச்சா. அப்புறம் ஆக்யேயோட தொட்டில எரிச்சா. அப்புறம் முதுகுல மாட்டுற மீன் கூடைய எரிச்சா. கூடை போச்சுன்னா பொழப்பு போச்சுன்னு அவளுக்குத் தெரியும். என்ன செய்ய? பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. கொர்ர் கொர்ர்னு இழுக்குது. ஒடம்பு கொதிக்குது, கை கால் மட்டும் ஐஸு.

அப்போ கோர்னேலிஸ் நாலு பேரச் சேத்துக்கிட்டு, சறுக்கு வண்டி இழுத்துக்கிட்டு, சேத்துக்கட்டி வாங்கப் பொறப்பட்டாரு.

"நாலு நாள்ல வந்திருவேன்"னாரு.

"அதுக்குள்ள எல்லாம் தீந்து போச்சுன்னா, மாமா?"

"என் கட்டில ஒடச்சுப் போடு. கதவக் கூட எரிம்மா. புல்ல மட்டும் தொடாத."

போயிட்டாரு. அன்னைக்கே அந்தக் கட்டில் எரிஞ்சு சாம்பலாப் போச்சு.

மறுநாள் விடியக்காலம், ஒரே பனி மூட்டம். கைய நீட்டுனா கை தெரியல. ட்ரைன் பிள்ளையக் கம்பளிக்குள்ள சுருட்டி வச்சுட்டு, தெக்கு மேட்டுக்குப் போனா. காஞ்ச நுனிய மட்டும் ஒடச்சுக்கிடுவோம், வேரத் தொட வேண்டாம்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனா. சரக் சரக்குனு ஒடச்சு ஒரு கட்டு கட்டுனா. அடுப்புல போட்டா, குப்புன்னு எரிஞ்சு பொசுக்குன்னு போச்சு.

ரெண்டாம் நாள் போனா. நுனி நிக்கல, வேரு நின்னு எரியும்னு தோணுச்சு. கையில சாக்கச் சுத்திக்கிட்டு இழுத்தா. படக்குன்னு வந்துச்சு. அந்த எடத்துல மணல் பொலபொலன்னு சரிஞ்சுச்சு. அவ காலால தள்ளி மூடிட்டு வந்துட்டா.

மூணாம் நாள் பிள்ளைக்கு மூச்சே சரியா வரல. ட்ரைன் மேட்டு உச்சிக்கே போயிட்டா. அங்கதான் வேரு கைத் தடிமன்ல இருக்கும். படக், படக், படக். எத்தன பிடுங்குனான்னு அவளே பாக்கல. கொண்டாந்து அடுப்புல போட்டா. தண்ணி கொதிச்சுது. ஆவி பிடிச்சு, கஞ்சி வச்சுக் குடுத்தா. அன்னைக்கு மத்தியானம் ஆக்யேக்கு வேர்த்துச்சு. கண்ணத் தொறந்து, "அம்மா, பசிக்கி"ன்னுச்சு.

"ம்."

கேக்கியா? சரி.

மறுநாள் கோர்னேலிஸ் வந்துட்டாரு, வண்டி நெறய சேத்துக்கட்டியோட. பேத்தியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு அடுப்பு முன்னால ஒக்காந்தாரு. தீயில கையக் காட்டிக் குளிர் காஞ்சாரு. அப்படியே செத்த நேரம் அந்த அடுப்பையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயி வண்டியில இருந்து கட்டிய எறக்குனாரு.

அப்போ காத்து மாறுச்சு. தென்காத்து. பனியெல்லாம் உருகி ஓடுது, ஊரே சந்தோசப்பட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டு வாசல்ல, கதவுக்கு அடியில, ஸ்ஸ்ஸ்ஸ்... ஒரு கை மணல். கூட்டித் தள்ளுனாங்க. சாப்பாட்டுல நறநறன்னுச்சு. படுக்கையில நறநறன்னுச்சு. ட்ரைன் போர்வைய ஒதறுனா, படுத்தா, எந்திரிச்சு மறுபடியும் ஒதறுனா.

ரெண்டாம் நாள் மணல் சன்னல் ஒசரத்துக்கு வந்திருச்சு. ஊருக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல தண்ணிக் கெணறு. அதுல மணல் எறங்குது, பொதபொதன்னு. வாளி போட்டா வாளி நிறைய சேறு. அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கெணறு தூந்து போச்சு.

மூணாம் நாள் தெக்குத் தெருவே போச்சு. ஏழு வீடு. கூரை மட்டும் மணலுக்கு மேல தொப்பி மாதிரித் தெரியுது. அதுல ஒரு வீட்டுல மார்த்தனு ஒரு கெழவி. காது கேக்காது. அவ உள்ள இருக்கான்னு யாருக்கும் ஞாபகமே வரல. ஞாபகம் வந்தப்போ ஊரே ஓடிப் போயி மணலத் தோண்டுச்சு. தோண்டத் தோண்ட வழிஞ்சு வருது. ட்ரைனும் தோண்டுனா. நகமெல்லாம் பேந்து ரெத்தம் வருது, அவ நிறுத்தல. கடைசியில கூரையப் பிச்சு உள்ள எறங்குனா, கெழவி நாற்காலியில ஒக்காந்து காலுறை பின்னிக்கிட்டு இருக்கா. "இன்னைக்கு ஏன் இவ்வளவு வெரசா இருட்டிருச்சு?"ன்னு கேட்டாளாம்.

எல்லாரும் சிரிச்சாங்க. ட்ரைன் மட்டும் மறுபடியும் குனிஞ்சு மணல அள்ளிக்கிட்டு இருந்தா.

அப்புறம் சனம் மேட்ட ஏறிப் பாத்துச்சு. உச்சியில ஒரு பெரிய வாய் மாதிரி ஓட்டை. புல்லு பிடுங்கின தடம் அப்படியே தெரியுது. யாரு செஞ்சா? டிர்க்னு ஒரு வள்ளக்காரர். ஏழு வீட்டுல அவர் வீடும் ஒண்ணு. அவர் சொன்னாரு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? வாரியக்காரன்தான்."

வாரியக்காரன் யாருன்னா, லூட்னு ஒருத்தன். தெக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். கடலுக்கு எட்டாத எடம். அங்க ஒரு குடிசையில அவனும் அவன் பொண்டாட்டி ஹில்லேயும் இருந்தாங்க. வேற ஊர்ல இருந்து வந்தவங்க. இந்தப் புல்லு வேரத்தான் கட்டி வாரியல், அதான் தொடப்பம், செஞ்சு விப்பாங்க. போயிப் பாத்தா குடிசை நிறைய வேருதான். வேற என்ன சாட்சி வேணும்? அவனப் பிடிச்சாந்து வள்ளம் போடுற கொட்டகையில கட்டிப் போட்டாங்க. ஞாயித்துக்கெழம கோயில்ல ஊர் கூடும், அப்போ புல்லுக்குக் காவக்காரருங்கிற மொறையில கோர்னேலிஸ் தீர்ப்புச் சொல்லுவாரு, அவங்க ஏற்கனவே மேட்டுக்கு அந்தப் பக்கந்தான இருக்காங்க, அதனால குடிசையப் பிரிச்சுட்டு ரெண்டு பேரையும் அந்தக் குளிர்ல தொரத்தி விடுறதுன்னு பேச்சு.

அதுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. ட்ரைனால ஒரு எடத்துல நிக்க முடியல. துணி மடிப்பா, கலைப்பா. வாசலுக்குப் போவா, உள்ள வருவா. பிள்ளையத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. பிள்ள நல்லாத்தான் வெளையாடுது. மாமனார் மொகத்தப் பாப்பா. அவரு இவ மொகத்தப் பாக்க மாட்டாரு. கம்ப எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிருவாரு.

முத நாள் அவ கொட்டகைக்குத் தண்ணி கொண்டு போனா. லூட் தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்னான், "அம்மா, எம் பொண்டாட்டிகிட்ட யாராச்சும் சொல்லிருங்க, எனக்கு அடி ஒண்ணும் படலன்னு. அவ பயந்துக்கிட்டு இருப்பா."

ட்ரைன் போனா. மேட்டத் தாண்டி, அந்த ஓட்டை வழியா. கண்ணுல காதுல எல்லாம் மணல். குடிசைக்குப் போயி, "ஒங்க வீட்டுக்காரருக்கு அடி படல"ன்னு சொன்னா.

ஹில்லே அவளையே பாத்தா. "அவரு இந்த மேட்டுப் புல்லத் தொட மாட்டாரும்மா. வடக்கூர்ல வெட்ட அனுமதிச்ச எடம் இருக்கு, அங்கதான் வாங்கிட்டு வருவாரு. போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். சொன்னா யாரு நம்புறா?" அப்புறம், "நீ ஒருத்திதான் வந்து சொன்ன. நீ நல்லாயிருக்கணும்"னு ஒரு கிண்ணம் சூடாக் கூழு ஊத்திக் குடுத்தா.

அந்தக் கிண்ணத்த அவ கையில வாங்குனா. குடிக்கவும் முடியல, வைக்கவும் முடியல. அப்புறம் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டா.

"சொல்லிட்டாளா?"

சொல்லல. இன்னொரு நாளும் சொல்லல. சொன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போவா? புருசன் வள்ளம் வந்தா வீட்டுல யாரு இருப்பா? ரெண்டு நாளும் இதே நெனப்புதான், தறியில நாடா மாதிரி அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு.

ஞாயித்துக்கெழம. கோயில்ல ஊரு மொத்தமும் கூடிருச்சு. கடல் அலை அந்தப் பக்கச் செவுத்துல டமார் டமார்னு அடிக்குது. லூட்டக் கொண்டாந்து நிறுத்துனாங்க. டிர்க் எந்திரிச்சுச் சட்டத்தச் சொன்னாரு. கோர்னேலிஸ் முன்னால வந்தாரு. கம்ப ஊண்டி நின்னாரு. தண்ணி கேட்டாரு.

அப்போ ட்ரைன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சா.

"அவரு இல்ல. நான்."

யாருக்கும் காதுல சரியா விழல. அவ மறுபடியும் சொன்னா, "புல்லப் பிடுங்குனது நான்."

கோர்னேலிஸ் கேட்டாரு, "எப்போ?"

"நீங்க சேத்துக்கட்டி வாங்கப் போனப்போ."

"எத்தன கட்டு?"

"மூணு."

"வேரோடயா?"

"மொத நாள் நுனி மட்டும். அப்புறம் வேரோட."

"ஏன்னு சொல்லு."

"ஏன்னு ஒங்களுக்குத் தெரியும், மாமா. ஒங்க மடியிலதான தெனமும் ஒக்காருது."

கோர்னேலிஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் அந்தக் கம்பத் தூக்கிப் பக்கத்துல இருந்த பெஞ்சு மேல வச்சாரு. ஊரப் பாத்துத் திரும்புனாரு.

"இவளுக்கு என்ன சட்டமோ அதுதான் எனக்கும். நான் திரும்பி வந்த அன்னைக்கே அடுப்புல சாம்பலப் பாத்தேன். முப்பது வருசம் அந்தப் புல்லப் பாத்தவன். அது எரிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஒண்ணும் கேக்காம கட்டிய எறக்கி வச்சேன். இந்த மனுசனக் கட்டிப் போட்டப்பவும் தெரியும். இன்னைக்கு இவன அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டிருப்பேன். அவ எந்திரிக்கலன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்."

அந்த மனுசன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்ல. சில பொம்பளைங்க அழுதாங்க. மார்த்த கெழவி பக்கத்துல இருந்தவள இடிச்சு, "என்ன சொல்றான்?"னு கேட்டுக்கிட்டே இருந்தா. யாரும் சொல்லல. டிர்க் மட்டும் சொன்னாரு, "என் வீடு மணலுக்குள்ள கெடக்கு. ஏழு வீடு கெடக்கு, கெணறும் கெடக்கு. சட்டம்னா சட்டம்தான்." யாரும் இல்லன்னு சொல்லல.

அன்னைக்கே பொறப்பட்டாங்க. ஒரு மூட்டை துணி, ஒரு சட்டி, ஒரு மண்வெட்டி. ட்ரைன் பிள்ளையத் தூக்கிக்கிட்டா, கோர்னேலிஸ் மூட்டையத் தூக்கிக்கிட்டாரு. அவங்களுக்கு முன்னால லூட் நடந்தான். அவனும் அதே வழிதான போகணும். மேட்டத் தாண்டி எறங்குனதும் நின்னான்.

"என்னைய ரெண்டு நாள் கட்டிப் போட்டிருந்தாங்க"ன்னான்.

"தெரியும்"னா ட்ரைன்.

"ரெண்டு நாளும் ஒனக்குத் தெரியும்."

"ஆமா."

குடிசை வாசல்ல ஹில்லே நிக்கா. பிள்ள இருமுச்சு, லொக்கு லொக்குன்னு. லூட் திரும்பிக் குடிசையப் பாத்தான், பிள்ளையப் பாத்தான். "பிள்ளைய உள்ள கொண்டு போ, காத்து அடிக்குது"ன்னான். ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் அவன் ட்ரைன்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. ஹில்லேதான் பேசுவா. சில நாள் அவளும் பேச மாட்டா. ட்ரைன் எதுவும் கேட்டுக்கிடல.

"ம்... அப்புறம்?"

அப்புறம் என்ன, அந்த ஓட்டை அப்படியேதான கெடக்கு. ட்ரைன் தெனமும் விடிஞ்சதும் மேட்டுக்குப் போயிருவா. கீழ கெடக்குற புல்ல முடி முடியாச் சேத்து, ஓட்டையில நட்டா. கோர்னேலிஸும் கூட நட்டாரு. எரநூறு முடி. காத்து வந்துச்சு, விர்ர்ருன்னு. எரநூறும் பறந்து போச்சு.

மறுபடியும் நட்டாங்க. ஆழமா, முழங்கை வரைக்கும் குழி தோண்டி. இந்தத் தடவ பறக்கல. ஆனா மணல் மேல வந்து மூடி, எல்லாம் மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. கோர்னேலிஸ் அங்கனயே ஒக்காந்துட்டாரு. "முப்பது வருசம் காவக் காத்தேன். இந்த ஓட்டையில நடத் தெரியல எனக்கு"ன்னாரு.

இத லூட் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். மறுநாள் ஒரு வண்டி நாணல் கொண்டாந்து கொட்டுனான். காஞ்ச நாணல், உசுரு இல்லாதது. "மொதல்ல இத நடுங்க. வரிசை வரிசையா, வேலி மாதிரி. மணல் வந்து இதுல மோதிப் படுக்கட்டும். படுத்ததுக்கு அப்புறம் புல்லு வைங்க. ஓடுற மணல்ல எந்த வேரும் பிடிக்காது"ன்னான். வேரோட வேலை செஞ்சு பொழச்சவனுக்கு வேரு சங்கதி தெரியும்ல்லா.

அப்படியே செஞ்சாங்க. அஞ்சு பேரும். ஆக்யே கூட ஒவ்வொரு நாணலா எடுத்து எடுத்துக் குடுத்துச்சு. மாசி போச்சு, பங்குனி போச்சு. சித்திரையில ஒரு நாள் ட்ரைன் ஒரு முடியப் பிடிச்சு லேசா இழுத்துப் பாத்தா. வரல. அது அவ கைய எதுத்து நின்னுச்சு. அடுத்ததையும் இழுத்துப் பாத்தா, அதுவும் வரல.

அந்த மாசந்தான் யாப்போட வள்ளம் வந்துச்சு. பனியில மாட்டி, இங்கிலீசுக்காரன் தேசத்துக் கரையில குளிர் காலம் பூரா ஒதுங்கிக் கெடந்துட்டு வந்திருக்காங்க. யாப் எறங்கி வீட்டுக்குப் போனான். கதவு மட்டும் இருக்கு. உள்ள கட்டில் இல்ல, தொட்டில் இல்ல, ஆள் இல்ல. செத்துட்டாங்கன்னு நெனச்சான். தெருவுல கேட்டா எல்லாரும் கால் வெரலப் பாக்காங்க. மார்த்த கெழவிதான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி தெக்கு மேட்டக் காட்டுனா.

மேட்டு மேல அவன் ஏறுறான். அந்தப் பக்கத்துல இருந்து ட்ரைன் நாணல் கட்டோட ஏறி வாரா. ரெண்டு பேரும் நின்னுட்டாங்க.

"அப்பா எங்க?"ன்னான்.

"கீழ இருக்காரு."

"பிள்ள?"

"இருக்கா. வளந்துட்டா."

"நீ இங்க என்ன செய்ற?"

"புல்லு நடுறேன்"னா. அவன் அந்தக் கட்ட வாங்கித் தன் தோள்ல வச்சுக்கிட்டான். எல்லாத்தையும் அவ பையப் பையச் சொன்னா, ஒண்ணும் மறைக்கல. அவனும் அதுக்கப்புறம் ஊருக்குள்ள குடி போகல. பள்ளத்துல லூட் குடிசை பக்கத்துல ஒரு குடிசை போட்டான். கடலுக்குப் போகும்போது மட்டும் ஊரு வழியாப் போவான்.

இப்படி அஞ்சு வருசம். பள்ளத்தச் சுத்தி எல்லா மேட்டுலயும் புல்லு பிடிச்சுப் போச்சு. நடுவுல ஒரு கெணறு தோண்டுனாங்க, நல்ல தண்ணி. கோர்னேலிஸ் அந்தக் கெணத்துத் தண்ணி குடிக்கிற வரைக்கும் இருந்தாரு, மூணாவது வருசம் செத்துப் போனாரு. அவர அங்கனயே பொதச்சாங்க.

ஆறாவது வருசம் வந்துச்சு ஒரு காத்து. ஆ...ஆ...ஆன்னு ஊளையிட்டுக்கிட்டு, மூணு நாள். கடல் எந்திரிச்சு நின்னுச்சு. மொத நாள் முன் தெரு போச்சு. ரெண்டாம் நாள் கோயில், கோபுரத்தோட, கடகடகடன்னு கடலுக்குள்ள. மூணாம் நாள் ட்ரைன் இருந்த பழைய வீடும் போச்சு. ஆளுங்க எல்லாரும் மேட்டு மேல ஏறித் தப்பிச்சுட்டாங்க. ஆனா எங்க போவாங்க? முன்னால கடல். பக்கத்துல எல்லாம் மணல். கெட்டியா, காத்துக்கு அசையாத எடம்னு இருந்தது ஒரே ஒரு பள்ளந்தான்.

நாலாம் நாள் காலையில ட்ரைன் குடிசை வாசல்ல டிர்க் வந்து நின்னாரு. ஒடம்பெல்லாம் நனஞ்சு, பின்னால அறுவது எழுவது குடும்பம், மூட்டையும் பிள்ளையுமா.

"ட்ரைன்"னாரு. "இந்தப் பக்கம்... நாங்க வீடு போடலாமா?"

அவ கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உள்ள ஹில்லே அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தா, அவ நிமிந்து பாத்தா. லூட்டும் பாத்தான். ட்ரைன் லூட்டத் திரும்பிப் பாத்தா. "அவருகிட்டக் கேளுங்க. மொதல்ல இங்க இருந்தது அவரு"ன்னா.

லூட்ட அன்னைக்குக் கட்டிப் போட்ட கயிறு டிர்க்கோட வள்ளத்துக் கயிறுதான். டிர்க் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, லூட்டப் பாத்து அதே கேள்விய மறுபடியும் கேட்டாரு.

லூட் சொன்னான், "பிள்ளைங்கள மொதல்ல உள்ள விடுங்க."

அவ்வளவுதான். அந்தச் சட்டத்த யாரும் எடுக்கவும் இல்ல, ட்ரைன ஊருக்குள்ள வான்னு யாரும் கூப்பிடவும் இல்ல. ஊருதான் அவ இருக்க எடத்துக்கு வந்துச்சு. இப்போ அங்க பெரிய பெரிய ஓட்டல் எல்லாம் இருக்காம், கோடையில கடல்ல குளிக்க வெளியூர்ச் சனம் வருமாம். யாருக்கும் மணலப் பத்தி நெனப்பே இருக்காது.

ட்ரைன் மட்டும் கெழவியாகி, பல்லு போயி, கண்ணு மங்குற வரைக்கும், தென்காத்து அடிச்சா எந்திரிச்சிருவாளாம். வாசல்ல குனிஞ்சு கதவுக்கு அடியில கைய வச்சுத் தடவிப் பாப்பாளாம். ஒண்ணும் இருக்காது. "படு ட்ரைன், ஒண்ணும் இல்ல"ம்பான் யாப். "இல்லதான்"னு சொல்லிட்டு, இன்னொரு தடவ தடவிப் பாத்துட்டுத்தான் படுப்பாளாம்.

கதை கரையேறிருச்சு ஜெசிந்தா. கால நீட்டு. கண்ண மூடு.